தகட்டில் அச்சாகும் ஓவியம்: தொழிலா, கடனா?

(மாமல்லபுரம் கடற்கரைப் பகுதிக் குழுக்களின் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசிய நடையை அதிகம் மாற்றாமல் கொடுத்திருக்கிறோம்.)



வீட்டு வேலையை அவசர அவசரமா முடிச்சுட்டு, பஸ் பிடிச்சு வந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கே வந்துடறேன்.

கொஞ்ச நாளா நம்ம குழுக் கூட்டங்களில் ஒரே பேச்சுதான். "உலோகத் தகட்டுல சாமி படம், ஓவியம் எல்லாம் அச்சடிக்கிற மெஷின் இருக்காம். மாமல்லபுரம் வர்ற டூரிஸ்ட்டுங்க ஆசையா வாங்குறாங்களாம். குழு பேர்ல கடன் எடுத்தா மெஷினைக் கொண்டுவந்து இறக்கிடுவாங்களாம். அச்சடிச்ச தகட்டை அவங்களே திரும்ப எடுத்துக்குவாங்களாம்." சில குழுக்கள் கடன் மனுவே எழுதி வைத்திருக்கிறார்கள். 'இது நல்ல தொழிலா, இறங்கலாமா?' என்று கேட்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகட்டில் படம் அச்சடிப்பது கெட்ட தொழில் இல்லை. ஆனால் இப்போது மெஷினுக்குக் கடன் வாங்க வேண்டாம். அடுத்தவர் வரைந்த படத்தைக் கேட்காமல் அச்சடிக்க வேண்டாம். அச்சடித்ததைக் கையால் செய்தது என்று சொல்லி விற்க வேண்டவே வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது என்ன பொருள்?

லிஃப்ட் கதவைப் பார்த்திருப்பீங்க. பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்காது. ஒரே பக்கமா மெல்லிய கோடு கோடா, மங்கலான வெள்ளி நிறத்தில் இருக்கும். தகட்டை உப்புத்தாள் மாதிரி ஒரு பட்டையால் ஒரே திசையில் தேய்த்தால் அப்படி வரும். இதை 'பிரஷ்டு ஃபினிஷ்' என்பார்கள். அப்படித் தேய்த்த அலுமினியத் தகட்டின் மேல் ஓவியத்தையோ போட்டோவையோ அச்சடித்துச் சுவரில் மாட்டுகிறார்கள். வெளிச்சம் படும்போது படத்துக்குள்ளிருந்து தகடு மின்னும். அதுதான் இதன் அழகு.

அச்சடிக்க இரண்டு முறைகள் அதிகமாக இருக்கின்றன. முதலாவது, கல்யாணப் படம் போட்ட டீ கப் விற்கிறார்களே, அதே முறை. படத்தை முதலில் ஒரு தாளில் தனி மையால் அச்சடிப்பார்கள். மேல்பூச்சு கொடுத்த தகட்டின் மேல் அந்தத் தாளை வைத்து, சுமார் 200 டிகிரி சூட்டில் அழுத்துவார்கள். சூட்டில் மை ஆவியாகி மேல்பூச்சுக்குள் இறங்கிவிடும். இரண்டாவது முறையில், மெஷினே தகட்டின் மேல் நேராக மையைத் தெளிக்கும். கூடவே வரும் புற ஊதா விளக்கு அந்த மையை உடனே காயவைத்துவிடும். கடை போர்டுகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது முறைதான்.

தகட்டிலும் வகை உண்டு. சிலது முழு அலுமினியம். சிலது கடை முகப்பில் அடிக்கிற ஏ.சி.பி. ஷீட். மேலும் கீழும் காகிதம் போல மெல்லிய அலுமினியம், நடுவில் பிளாஸ்டிக். ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாலே நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தெரிந்துவிடும். அதுவும் நல்ல பொருள்தான், எடை குறைவு, லேசில் வளையாது. ஆனால் ஏ.சி.பி. ஷீட்டைக் காட்டி 'முழு உலோகம்' என்று விலை சொன்னால் அது தப்பு.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

- காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது அலுமினியம் இல்லை.
- தகட்டைச் சாய்த்துப் பாருங்கள். நிஜமாகவே தேய்த்த தகட்டில் வெளிச்சம் நகரும். கோடு மாதிரி அச்சடித்திருந்தால் நகராது.
- மூலையில் செல்லோ டேப் ஒட்டிச் சட்டென்று இழுங்கள். மை கூடவே வந்தால் அந்தச் சரக்கு வேண்டாம்.

நகல் எடுப்பது புதிதா?

"ஓவியத்தை அச்சடிச்சு விற்கிறது ஏமாத்து வேலை இல்லையா?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. நல்ல கேள்வி. நம்ம வீட்டுப் பூஜை அறையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

வீணையோடு உட்கார்ந்திருக்கும் சரஸ்வதி, தாமரையில் நிற்கும் லட்சுமி. இந்தப் படங்கள் நம் வீடுகளுக்கு எப்படி வந்தன? கேரளத்துக் கிளிமானூரில் பிறந்த ஓவியர் ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து மெஷினும் அச்சு வல்லுநர்களும் வந்தார்கள். அப்போது கல்லில் அச்சடிப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று என்று ஒரே தாளை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும்.

அதற்கு முன்பு எண்ணெய் வண்ண ஓவியம் என்றால் அரண்மனையிலும் பணக்காரர் வீட்டிலும்தான். அச்சுப் படம் வந்த பிறகு சாதாரணக் குடும்பமும் வாங்க முடிந்தது. கோயிலுக்குள் விடப்படாத மக்களின் வீட்டிலும் சாமி படம் வந்து உட்கார்ந்தது. நகல் செய்த நல்ல காரியம் அது. இன்னொன்றும் நடந்தது. அந்த அச்சுப் படங்களில் சேலை வரும் இடத்தில் துணி ஒட்டி, நகை வரும் இடத்தில் ஜரிகையும் ஜிகினாவும் வைத்துச் சிலர் அலங்கரித்தார்கள். படம் அச்சுதான், அலங்காரம் கைவேலை. அந்த மாதிரிப் படங்களை இன்றைக்கும் சேகரித்து வைக்கிறார்கள்.

நம்ம தமிழ்நாட்டிலேயே கோவில்பட்டி சி. கொண்டையராஜு இருந்தார். 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராக வந்து, ஊர் ஊராகச் சுவரில் தொங்கின. காலண்டரை வாங்கியவர் யாரும் இது கையால் வரைந்தது என்று நினைக்கவில்லை. விற்றவரும் அப்படிச் சொல்லவில்லை. அதனால் அதில் ஏமாற்று இல்லை.

ஆக, கல்லில் அச்சடித்தார்கள், பிறகு காகிதத்தில் காலண்டர் வந்தது, இப்போது தகடு வந்திருக்கிறது. நகல் எடுப்பது குற்றம் இல்லை. யாருடைய படத்தை எடுக்கிறோம், என்ன சொல்லி விற்கிறோம், இந்த இரண்டில்தான் சரியும் தப்பும் இருக்கிறது.

படம் யாருக்குச் சொந்தம்?

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். நம்ம குழுவையே சிக்கலில் மாட்டிவிடக்கூடிய விஷயம் இது.

ஓவியம் வரைந்தவருக்குப் பதிப்புரிமை என்று ஒன்று உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி ஓவியர் உயிரோடு இருக்கும் வரையிலும், அவர் இறந்து 60 ஆண்டுகள் வரையிலும் அந்த உரிமை இருக்கும். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு எண்ண வேண்டும். அதுவரை அவரையோ, அவர் குடும்பத்தையோ, அவரிடம் உரிமை வாங்கியவரையோ கேட்காமல் அச்சடித்து விற்கக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரவிவர்மா 1906-ல் இறந்தார். 60 ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. அவர் ஓவியத்தை யாரும் அச்சடிக்கலாம். கொண்டையராஜு 1976-ல் இறந்தார். 2036 முடியும் வரை உரிமை இருக்கிறது. பழைய காலண்டர்தானே என்று அதைக் கொண்டுபோய் ஸ்கேன் பண்ணக் கூடாது.

நம்ம பக்கத்திலேயே ஓர் உதாரணம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் வழிகாட்டுதலில் 1966-ல் தொடங்கியது. அந்த ஓவியர்களும் நம்ம மாதிரிதான். ஒன்று சேர்ந்தார்கள். பாத்திக் துணி, கைவினைப் பொருள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் இடம் வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், மீதி நேரத்தில் தங்கள் கலையைச் செய்தார்கள். கிட்டத்தட்ட ஒரு குழு கதைதான் அது.

அங்கே தகட்டு வேலையும் நடந்தது. பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைச் சுத்தியால் தட்டித் தட்டி உருவம் கொண்டுவந்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பும் பித்தளையும் வைத்துச் சிற்பம் செய்தார். உலோகத் தகட்டில் கலை என்பது இந்தக் கடற்கரைக்கு நேற்று வந்தது இல்லை. ஆனால் அவர்கள் செய்தது அச்சு இல்லை, ஒவ்வொன்றும் கையால் ஆன ஒரே ஒரு பொருள்.

பணிக்கர் 1977-ல் மறைந்தார். அவர் ஓவியங்களின் உரிமை 2037 முடியும் வரை. ஜானகிராம் 1995-ல் மறைந்தார், 2055 வரை. இன்றைக்கு அங்கே வரைந்துகொண்டிருக்கும் ஓவியர்களின் உரிமை இன்னும் நீண்ட காலத்துக்கு. "நெட்டில் கிடைச்சது, அதனால் எடுத்துக்கலாம்" என்று மெஷின் விற்க வருகிறவர் சொன்னால் நம்பாதீர்கள். நெட்டில் கிடைப்பதும் யாரோ ஒருவருடையதுதான். முற்றத்தில் காய்கிற கருவாடு கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக யாரும் அள்ளிக்கொண்டு போகலாமா?

பதிப்புரிமையைத் தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மெஷின் விற்றவர் போய்விடுவார். பில்லில் குழுவின் பெயர்தான் இருக்கும்.

சரி, கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு இதையெல்லாம் அச்சடிக்கலாமா? அவை பல்லவர் காலத்துச் சிற்பங்கள், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனவை. சிற்பத்துக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் அதை எடுத்த போட்டோவுக்கு உண்டு. அடுத்தவர் எடுத்த போட்டோவை எடுத்துக்கொள்ளாதீர்கள். நம்ம குழுப் பெண்ணே காலை வெயில் சிற்பத்தின் மேல் சாய்வாக விழும் நேரத்தில் போய்ப் படம் எடுக்கட்டும். அந்தப் படம் அவருக்குச் சொந்தம்.

பெயரில் ஏமாற்று வேண்டாம்

அர்ச்சுனன் தபசில் ஒரு பூனை இருக்கு, பார்த்திருக்கீங்களா? பின்னங்காலில் நின்னு, முன்னங்காலைத் தூக்கித் தவம் பண்ற மாதிரி நடிக்குது. சுத்தி எலிகள் நம்பி நிக்குது. நகலை அசல் என்று சொல்லி விற்கிற வியாபாரம் அந்தப் பூனைத் தவம்தான். கொஞ்ச நாள் நடக்கும்.

2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் ஓவியத்துக்கும் தஞ்சாவூர் கலைத்தட்டுக்கும் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. புவிசார் குறியீடு என்றால், அந்த ஊரில் அந்த முறைப்படி செய்த பொருளுக்குத்தான் அந்தப் பெயரைப் போட வேண்டும் என்று அர்த்தம். தஞ்சாவூர் தட்டு என்பது பித்தளைத் தட்டின் மேல் வெள்ளி, செம்புத் தகடுகளை உருவமாகத் தட்டிப் பதித்துச் செய்வது. தஞ்சாவூர் ஓவியம் என்றால் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சில் மேடு கட்டி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி வரைவது. அலுமினியத்தில் அச்சடித்த படத்தை 'தஞ்சாவூர் தட்டு', 'தஞ்சாவூர் ஓவியம்' என்று சொல்லி விற்றால், வாங்குகிறவரையும் ஏமாற்றுகிறோம், கஷ்டப்பட்டுச் செய்கிறவரின் வயிற்றிலும் அடிக்கிறோம்.

இதைச் சொல்லும்போது யாரை நினைக்கிறேன் தெரியுமா? பயிற்சி எடுத்துத் தஞ்சாவூர் ஓவியம் வரைகிற சகோதரிகள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். ஒரு படம் முடிக்க நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் ஆகும். மாமல்லபுரத்தில் உளிச் சத்தத்தோடு விடிகிற குடும்பங்கள் இருக்கின்றன. 1957-ல் தொடங்கிய சிற்பக்கலைக் கல்லூரியில் பிள்ளைகள் ஆண்டுக் கணக்கில் படித்து அந்த வேலையைக் கற்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் அச்சாகி வந்த தகட்டை "ஹேண்ட்மேட்" என்று அதே மேசையில் வைத்தால், நாளைக்கு நிஜமான கைவேலைக்கும் மதிப்பு போய்விடும். ஒரு குழு சொல்லும் பொய் எல்லாக் குழுவின் விலையையும் இறக்கும்.

அதனால் ஒவ்வொரு தகட்டின் பின்னாலும் ஒரு சீட்டு ஒட்டுவோம். "இது அலுமினியத் தகட்டில் அச்சிடப்பட்ட படம். மூலப் படம் வரைந்தவர் அல்லது எடுத்தவர் இன்னார். குழுவின் பெயர், ஊர்." இவ்வளவு போதும். இப்படி எழுதினால் விற்காது என்று பயப்பட வேண்டாம். நூற்றாண்டுக்கு மேலாகச் சாமி படம் அச்சு என்று தெரிந்துதான் ஜனங்கள் வாங்குகிறார்கள்.

நம்ம கோலம் இருக்கே!

அப்படியானால் எந்தப் படத்தை அச்சடிப்பது? இதற்குத் தகடே ஒரு பதில் சொல்கிறது.

டீ கப் முறையில் வெள்ளை மை கிடையாது. காகிதத்தில் அச்சடித்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் காகிதத்தின் வெள்ளையாகவே நிற்கும். இந்தத் தகட்டில் அச்சடித்தால் அந்த இடம் தகட்டின் வெள்ளி நிறமாக நிற்கும். ரவிவர்மா படத்தை அப்படி அச்சடித்தால் முகத்தில் வெளிச்சமான இடமெல்லாம் சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். அதைத் தவிர்க்க அடியில் வெள்ளை மை அடிக்கிற மெஷின் வேண்டும். ஆனால் வெள்ளை அடித்து மூடிவிட்டால் அந்த இடத்தில் தகடு மின்னாது. அப்புறம் எதற்குத் தகடு?

இப்போது கோலத்தை நினைத்துப் பாருங்கள். கோலத்தில் வெள்ளைக் கோடுதான் உயிர். சுற்றிலும் காவியோ, சாணம் தெளித்த வாசலின் கரும்பச்சையோ அச்சாகட்டும். கோடு வரும் இடத்தை மட்டும் அச்சடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? கோலம் முழுக்க வெள்ளிக் கம்பி இழைத்த மாதிரி மின்னும். ஓவியத்துக்குக் குறையாக இருந்தது கோலத்துக்கு நிறையாகிவிடுகிறது.

கோலம் யாருடையது? நம்முடையது. புள்ளி வைத்து இழுக்கும் பழைய சிக்குக் கோலம் எல்லோருக்கும் பொது. அதை வைத்து ஒரு சகோதரி தானே புதிதாக ஒன்றை வரைந்தால் அது அவருடைய படைப்பு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மாறாக, மற்றவர்கள் அவரிடம் கேட்க வேண்டும். படகு, வலை, மீன், பனைமரம் என்று நம்ம கடற்கரையை வரையத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. வரைந்தவரின் பெயரையும், விற்கும் ஒவ்வொரு தகட்டுக்கும் அவருக்கு எவ்வளவு என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "நம்ம அக்காதானே, எதுக்கு எழுத்து?" என்று விடாதீர்கள். வெளி ஓவியரின் உரிமையை மதிக்கச் சொல்லிவிட்டு, நம்ம குழுப் பெண்ணின் உரிமையை மறந்தால் நியாயமா?

கடல் காற்றும் பாத்திரப் பவுடரும்

தகடு துருப்பிடிக்காது என்று சொல்வார்கள். இரும்பு மாதிரிச் சிவப்புத் துரு வராது, அது உண்மை. ஆனால் உப்புக் காற்றில் அலுமினியத்திலும் வெள்ளைப் பொடி பூக்கும், சின்னச் சின்னக் குழி விழும். அதுவும் வெட்டிய ஓரத்தில்தான் முதலில் தொடங்கும். நம்ம ஊர்க் கடை வாசலில் மாதக் கணக்கில் தொங்கவிடும் பொருள் இல்லை இது. ஓரத்தில் பூச்சு இருக்கிறதா பாருங்கள். வெயில் நேராகப் பட்டால் நிறம் வெளுக்கும், நிழலில் வையுங்கள். மாட்டுகிற கொக்கியும் ஆணியும் எவர்சில்வராக இருக்கட்டும்.

வாங்குகிறவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது: மெல்லிய ஈரத்துணியால் துடைத்தால் போதும். பித்தளை மாதிரி நினைத்துப் புளி போட்டோ, பாத்திரப் பவுடர் போட்டோ தேய்த்தால் சரஸ்வதி காணாமல் போய்விடுவாள்!

கணக்கு என்ன சொல்கிறது?

இனி பணக் கணக்கு. நான் சொல்லும் தொகைகள் உதாரணத்துக்குத்தான். உண்மை விலையை நீங்கள் விசாரித்து, இதே போலப் போட்டுப் பாருங்கள்.

மெஷினுக்கு ரூ.3 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, 36 மாதத் தவணை. முதல் மாதம் அசல் ரூ.8,333, வட்டி ரூ.3,000, மொத்தம் ரூ.11,333. ஒரு தகட்டில் மை, கரண்ட், தகடு எல்லாம் போக ரூ.100 நிற்கிறது என்றால், தவணை கட்டவே 114 தகடு விற்க வேண்டும். அதற்கு மேல் விற்றால்தான் நமக்குக் கூலி. சீசனில் விற்றுவிடலாம். கொளுத்துகிற மே மாதமும், புயல் மழைக் காலமும்? தவணைக்கு சீசன் தெரியாது.

"அவங்களே திரும்ப வாங்கிக்குவாங்க" என்கிறீர்களா? எத்தனை தகடு, என்ன விலை, எத்தனை மாதம், தரம் சரியில்லை என்று தள்ளினால் யார் பொறுப்பு, இவை எல்லாம் கையெழுத்தோடு காகிதத்தில் வரட்டும். மெஷின் பழுதானால் யார் வருவார்கள், மை எங்கே கிடைக்கும் என்பதும் வரட்டும். வாய்ப் பேச்சை நம்பிக் கடன் மனுவில் கையெழுத்துப் போடக் கூடாது.

மெஷின் இல்லாமலே தொடங்கலாம். அச்சுக்கடையில் கூலிக்கு அடித்து வாங்கலாம். 20 தகடு, ஒன்று ரூ.350 என்றால் ரூ.7,000. வண்டி வாடகை ரூ.500. அட்டை, சீட்டு, சுற்றுத்தாள் தகட்டுக்கு ரூ.15 வீதம் ரூ.300. மொத்தச் செலவு ரூ.7,800. விலை ரூ.550 வைக்கிறோம். இரண்டு தகடு கீறல் விழுந்தோ விற்காமலோ போகும் என்று இப்போதே கழித்துவிடுவோம். 18 விற்றால் ரூ.9,900. செலவு போக மீதி ரூ.2,100. வரைந்தவருக்குத் தகட்டுக்கு ரூ.25 வீதம் ரூ.450. மீதி ரூ.1,650. விற்ற மூன்று பேருக்குத் தலா ரூ.550.

பெரிய தொகை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் நஷ்டம் வந்தாலும் வீடு தாங்கும், குழு தாங்கும். எந்தக் கோலம் போகிறது, எந்த அளவு போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்ற பாடம் ரூ.7,800-க்குள் கிடைத்துவிடும். ரூ.3 லட்சம் போட்டு அதைக் கற்க வேண்டாம்.

விற்கும் இடத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். டிசம்பர், ஜனவரியில் மாமல்லபுரம் நாட்டிய விழாக் கூட்டம் வரும். மகளிர் குழுப் பொருள்களுக்கு அரசு நடத்தும் 'மதி' விற்பனை நிலையங்கள், கல்லூரிச் சந்தை, சரஸ் கண்காட்சி என்று வாய்ப்புகள் உண்டு. மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு ஒருமுறை குழுவாகப் போய், கைவினைப் பொருளை எப்படி அடுக்குகிறார்கள், என்ன எழுதி வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

முடிவாக

சகோதரிகளே, புதுப் பொருள் வந்தால் பயப்பட வேண்டியதில்லை. நம்மை மாதிரி வீடுகளுக்கு ஒரு காலத்தில் ஓவியத்தைக் கொண்டுவந்து சேர்த்ததே அச்சுதான். இப்போது அதே அச்சு, நம் வீட்டு வாசலில் பத்து மணிக்குள் கலைந்துபோகும் கோலத்தை இன்னொருவர் வீட்டுச் சுவருக்குக் கொண்டுபோகலாம். வரைந்தவர் பெயரோடு போகட்டும். 'இது அச்சு' என்ற உண்மையோடு போகட்டும். கடன் சுமை இல்லாமல் போகட்டும்.

மெஷின் கடன் மனுக்களை ஆறு மாதம் நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விருப்பமுள்ள குழுக்கள் 20 தகட்டில் தொடங்கட்டும். வரவு செலவைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் வாசிக்கட்டும். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, மெஷின் வேண்டுமா வேண்டாமா என்று நாம் எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்போம்.



குழுக் கூட்டத்தில் விவாதிக்க:

1. நம் குழுவில் கோலமோ படமோ புதிதாக வரையக்கூடியவர்கள் யார் யார்? ஒரு தகட்டுக்கு அவர்களுக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்?
2. பக்கத்தில் உள்ள இரண்டு அச்சுக்கடைகளில் ஒரே அளவுத் தகட்டுக்கு விலை கேட்டு எழுதுங்கள். எந்த முறையில் அச்சடிக்கிறார்கள், தகடு எந்த வகை?
3. கைவேலை செய்யும் உறுப்பினர்களின் விற்பனை பாதிக்காமல் தகட்டுப் படங்களை எங்கே, எப்படி வைத்து விற்கலாம்?